இருபது கிலோவும் ஒரு கைமிஷினும்

டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: ஒரு பயணிக்கு இருபது கிலோ. என் தங்கை பாக்கியமேரியின் தையல் மிஷின், கையால் சுற்றுகிற வகை, பலகையும் மூடியும் சேர்த்துப் பதினாலு கிலோ.

போன ஆவணியில் அவளுக்குக் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கிளமென்டுக்குக் கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை. ஒரு மாத லீவில் வந்து தாலி கட்டினார். விசா வந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தனுஷ்கோடிக் கப்பலுக்குப் போகும் போட் மெயிலில் ஏறினார். அவளும் அதே வழியில் போவதாகத்தான் ஏற்பாடு. ரயில், கப்பல் என்றால் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் ஏற்றலாம். கூலிக்காரன் தூக்க மறுக்கும் வரை கணக்கே கிடையாது. மார்கழிப் புயலில் தனுஷ்கோடி போயிற்று. ரயில் போயிற்று. கப்பல் நின்றது. விசா மட்டும் மாசியில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கிளமென்ட் விமான டிக்கெட் அனுப்பிவைத்தார்.

மேலப்புதூரில் எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். நான் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன். காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. காலையில் வந்து படுத்தால் தலைமாட்டில் மிஷின் ஓடும். அந்த மிஷின் கடல் தாண்டிப் போவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆட்சேபணை அம்மாவுக்கு.

"மாமியார் வீட்டுக்கு மொத மொதல்ல போறவ பலகாரம் இல்லாம போவாளா? இரும்பைத் தூக்கிக்கிட்டுப் போய் நிப்பியா? பொண்ணைச் சம்பாதிச்சுப் போட அனுப்பியிருக்காங்கன்னு பேசுவாங்கடி."

"பேசட்டும்மா."

"ஏன், அவருக்குச் சம்பளம் இல்லியா?"

"சம்பளம் அவங்க அம்மா கையில. ஒரு சோப்புக்கட்டி வேணும்னாலும் அந்தம்மா முன்னாடி போய் நிக்கணும். அதெல்லாம் என்னால ஆவாது. மிஷின் இல்லாம நான் ஏற மாட்டேன்."

"டேய் சவரி, நீ சொல்லுடா இவளுக்கு."

"மிஷினும் போவும், பலகாரமும் போவும். இருபது கிலோவுக்குள்ள நான் கட்டித் தரேன்" என்றேன். ஷிப்ட் முடிந்து வந்தவனுக்குச் சண்டை ஓய்ந்து தூக்கம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் சொன்னது வீண் ஜம்பம் இல்லை. ஊரார் கட்டி அனுப்பும் கட்டுகள் பிரிந்துபோனால் திரும்பக் கட்டுவது என் வேலை. மனிதர்கள் எவ்வளவு மோசமாகக் கட்டுவார்கள் என்று நாலு வருஷமாகப் பார்த்து வருகிறேன். கனமானதை மேலே வைப்பார்கள். எண்ணெய் டின்னைத் துணிக்கு நடுவில் வைப்பார்கள். வழியில் ஒருபோதும் தேவைப்படாததைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பார்கள்.

முதலில் டிரங்குப் பெட்டியைத் தள்ளினேன். காலியாகவே ஆறு கிலோ. பலகையையும் மூடியையும் கழற்றினேன். மிஷின் பத்தரை கிலோவில் நின்றது. பலகை கொழும்பிலும் மரத்தில்தான் செய்வார்கள். இனி லேசான பை வேண்டும்.

பை ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது. சித்திரை வீதியில் ரங்கநாயகி மாமி என்று ஒருத்தி. பத்து வருஷமாகப் பாக்கியத்திடம்தான் ரவிக்கை தைத்துக்கொள்கிறாள். கடைசி இரண்டு ரவிக்கைகளைக் கொடுத்துவர சைக்கிளில் போனேன்.

"பத்ரிக்குப் போயிட்டு வந்த கான்வாஸ் பை பரண்ல இருக்கு. அவளுக்குக் குடுக்கறேன்னு சொல்லியிருந்தேன்" என்று உள்ளே போய் எடுத்துவந்தாள். அதை வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். நான் எடுத்துக்கொண்டேன். நான் கொண்டுபோன ரவிக்கைகளை அவள் தண்ணீர் தெளித்து எடுத்தாள். அது அவள் வழக்கம். பத்து வருஷமாக அப்படித்தான்.

"வெட்டின துண்டைக்கூடத் திருப்பிக் குடுத்துடுவா அவ. இனிமே வர்ற தையக்காரன் என் துணியில அவன் பிள்ளைக்குச் சட்டை தைச்சுப்பான். விமானத்துல போறாளாமே, பயப்படாம இருக்காளோ?"

"பயமெல்லாம் எங்கம்மாவுக்குத்தான் மாமி. அவளுக்கு மிஷின் வந்தாப் போதும்."

"மிஷினை விட்டுட்டு அவ எங்க போவா? கையையா விட்டுட்டுப் போக முடியும்?" என்று சிரித்துவிட்டு, அளவு ரவிக்கை திரும்பி வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள்.

பை நல்ல பை. முழு நீளத்துக்கு வாய் திறக்கும். உள்ளே மெழுகுத்துணி விரித்தேன். பார்சல் ஆபீசில் வார்ப்பிரும்புக்கு ஒரு முறை உண்டு. வார்ப்பிரும்பு விழுந்தால் வளையாது, உடையும். அதனால் சுற்றிலும் வைக்கோல், அதன் மேல் சாக்கு, கோணி ஊசியால் இறுக்கித் தையல். மிஷினை அப்படித்தான் கட்டினேன். அதற்குள் ஒரு குழந்தையை வைத்துக் கடலூர் வரை தூக்கிப்போனாலும் குழந்தைக்கு ஒரு குலுக்கலும் தெரியாது; அப்படி ஒரு கட்டு.

பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இவ்வளவு வைக்கோல் எதுக்கு?"

"நீ தைக்கிறதுல நான் தலையிடறேனா?"

மிஷின் பையின் ஒரு பக்கம். மறுபக்கம் மூன்று புடவை, பாவாடைகள், மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி. மேலே அம்மாவின் பலகார டின். அது பழைய பிஸ்கோத்து டின். அதிரசம் பாதி, முறுக்கு பாதி. மற்ற புடவைகளில் இரண்டை உடம்பில் கட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. கத்தரியும் நூலும் கைப்பையில்.

எடை பார்க்க வேண்டும். பாலக்கரையில் தாஜுதீனின் பழைய இரும்புக் கடை எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது. பெரிய தராசு. தாஜுதீன் தன் கையாலேயே பையை மாட்டி நிறுத்தான். "இருபது. ஒரு குண்டுமணி கூட இல்ல" என்றான். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. எனக்கு மிகுந்த திருப்தி. அன்று ஷிப்டில் இரண்டு பேரிடம் அதைச் சொன்னேன்.

புதன்கிழமை காலை புதுக்கோட்டை பஸ்ஸில் மன்னார்புரம் வழியாக விமான நிலையம் போனோம். சின்னக் கட்டடம், ஒரு கவுண்டர், ஒரு தராசு. டை கட்டிய ஓர் ஆள் முதலில் பாக்கியத்தையே தராசில் ஏறச் சொன்னார்.

"ஆளையும் நிறுப்பாங்களா?" என்றாள் அம்மா.

"எல்லாரையும் நிறுப்போம்மா. சின்ன விமானம்" என்று முள்ளைப் பார்த்தார். "ஐம்பத்தாறு."

"போன மாசம் ஆஸ்பத்திரியில ஐம்பத்திரண்டுன்னு சொன்னாங்களே."

நான் அம்மாவின் காலை மிதித்தேன். இரண்டு புடவையும் மூன்று ரவிக்கையுமாகப் பாக்கியம் வேர்த்துக் கொட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த ஆள் கண்டுகொள்ளாமல் பையைத் தூக்கி வைத்தார். முள் இருபதைத் தாண்டி, இருபத்தொன்றைத் தாண்டி, இருபத்திரண்டரையில் நின்றது.

"தராசு தப்பாக் காட்டுது சார். நான் நேத்து நிறுத்துப் பார்த்தேன், இருபது" என்றேன்.

"எங்க நிறுத்தீங்க?"

"பாலக்கரையில. பழைய இரும்புக் கடையில."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வாங்குறவன் தராசு அப்படித்தான் சார் காட்டும். விறகுக் கடைக்கில்ல போயிருக்கணும். அங்க பதினெட்டை இருபதுன்னு சொல்லியிருப்பான், உங்களுக்கு நஷ்டமில்ல."

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பிறகு ஒருநாள் தாஜுதீனிடம் கேட்டேன். "நீங்க விக்க வந்தீங்கன்னு தராசு நெனச்சிருச்சு தம்பி, பழக்க தோஷம்" என்றான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இரண்டரை கிலோவுக்கு அதிகக் கட்டணம் கட்ட எங்களிடம் வழி இல்லை. "பத்து நிமிஷம் தரேன். எதையாவது எடுத்துருங்க" என்றார் கவுண்டர்காரர்.

அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அந்த இரும்பை எடுத்து வெளிய வைடா."

"டின்னை எடுத்தா ஆச்சு" என்றேன்.

"டின் ரெண்டரை கிலோவாடா இருக்கு?"

இல்லை. டின்னை எடுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். அது எனக்கும் தெரிந்திருந்தது. மிஷினை எடுத்தால்தான் கணக்குச் சட்டென்று முடியும். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாக்கியத்தின் முகத்தில் அழுகை இல்லை. டிக்கெட்டை இரண்டாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். மிஷினை எடுத்தால் அந்த டிக்கெட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு எங்களோடு பஸ் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் அப்படிப்பட்டவள்தான்.

"தள்ளுண்ணே" என்றாள்.

தரையில் உட்கார்ந்தாள். பையைக் கவிழ்த்தாள். கைப்பையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்து, நான் ஒரு மணி நேரம் தைத்த சாக்குத் தையலை ஒரே இழுப்பில் வெட்டினாள். வைக்கோல் சிமெண்டுத் தரை முழுவதும் பறந்தது. பெருக்குகிறவன் எட்டிப் பார்த்து ஏதோ முனகினான்.

பிறகு அவள் கை நடந்ததை நான் சும்மா நின்று பார்த்தேன். மிஷினின் கைச்சக்கரத்தைக் கழற்றினாள். ஒரு புடவையை நீளவாக்கில் நாலாக மடித்து, மிஷினின் கழுத்திலிருந்து அடி வரை சுற்றினாள். கழுத்துக்குக் கீழே கை நுழைகிற இடைவெளியில் பாவாடைகளை உருட்டித் திணித்தாள். நான் அந்த இடைவெளியில் வைக்கோல் வைத்திருந்தேன். இரண்டாவது புடவை குறுக்குச் சுற்று. சக்கரம் வேட்டிக்குள். மிஷின் துணிப்பொதியாகிவிட்டது, தட்டினால் சத்தமே வரவில்லை. எடுத்துப்போக வேண்டிய துணியே மெத்தையாக இருக்கும்போது, எடுத்துப்போக வேண்டாத வைக்கோலுக்கு நான் இடமும் எடையும் கொடுத்திருக்கிறேன். பார்சல் ஆபீசில் புடவை கிடையாது. அதனால் எனக்கு வைக்கோல்தான் தெரியும்.

அடுத்து டின். "அம்மா, டின்னு வேணாம். அதிரசம் மட்டும் தா."

"முறுக்கு?"

"துணிக்குள்ள வச்சா நொறுங்கிரும். மாமியாருக்கு முன்பல்லே கிடையாதுன்னு அவரு லெட்டர்ல எழுதியிருக்காரு. முறுக்கைக் கொண்டு போய்க் குடுத்தா, குத்திக் காட்டுறதா நெனைப்பாங்க."

அம்மாவுக்கு இது நியாயமாகப் பட்டது. சம்பந்தியம்மாளுக்குப் பல் இல்லை என்பதே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்கும். பாக்கியம் அதிரசங்களை அடுக்கி மெழுகுத்துணியில் சுற்றி, மிஷினுக்குப் பக்கத்தில் தட்டையாக வைத்தாள். பை முன்னைவிட மெலிந்திருந்தது. மேலே மூன்றாவது புடவையைப் பரப்பி வாயை மூடினாள்.

தராசில் வைத்தோம். முள் ஆடியது. இருபதுக்கு ஒரு கோடு உள்ளேயே நின்றது.

"இப்ப யார் கட்டினது?" என்றார் கவுண்டர்காரர்.

"தங்கச்சி."

"முதல்லயே இவங்ககிட்ட விட்டிருக்கலாமே சார்."

சுங்கக்காரர் பையைத் திறந்து விரலால் குத்திப் பார்த்தார். "உள்ள என்ன?" "என் தையல் மிஷின் சார். பழசு." துணியைக் கொஞ்சம் விலக்கி, தேய்ந்துபோன பொன் பூ வேலையைப் பார்த்தார். சாக்பீஸால் பைமேல் ஒரு குறி போட்டார். அவ்வளவுதான்.

அம்மா டின்னைத் திறந்து கவுண்டர்காரருக்கு நாலு முறுக்கு கொடுத்தாள். சுங்கக்காரருக்கு இரண்டு. பெருக்குகிறவனுக்கும் கொடுத்தாள், அவன் முனகலை நிறுத்தினான். பாக்கியம் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஒரு முறுக்கை வாங்கிக் கடித்தாள். "போயிட்டு வரேம்மா. வரேன்ணே" என்றாள். வாயில் முறுக்கு இருந்ததால் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான். இரண்டு புடவைக் கனத்தில் கொஞ்சம் அகட்டி நடந்து படி ஏறினாள். பையை ஓர் ஆள் தூக்கிப்போய் விமானத்தின் வயிற்றில் வைத்தான், எறியவில்லை. நான் கவனித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். விமானம் பார்க்க வந்தீர்களா என்று கேட்டாள்.

"பொண்ணைக் கொழும்புக்கு ஏத்திவிட்டு வரோம்" என்றாள் அம்மா. டின் அவள் மடியில் இருந்தது. அந்த அம்மாளுக்கும் ஒரு முறுக்கு போயிற்று.

"தனியாவா அனுப்பினீங்க?"

"தனியா என்ன? மிஷினோட அனுப்பியிருக்கேன். வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு. போற எடத்துல பொம்பளப் பிள்ளைக்குக் கையில ஒரு தொழில் இருக்கணும்டி, எடுத்துட்டுப் போன்னு நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் அந்த அம்மாள், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மன்னார்புரத்துக்கு இன்னும் எத்தனை ஸ்டாப் என்று கண்டக்டரைக் கேட்டேன்.