பச்சை விளக்குக்கு முன்னால் நிறுத்திய சார்ஜர்

"சார்ஜர்ல பச்சை விளக்கு எரியாமயே வண்டிய எடுத்துட்டுப் போன்னு சொன்னது யாரு?"

"நான்தான். மேம்பாலத்துல நிப்பாட்டவும் நானா சொன்னேன்?"

"நானா நிப்பாட்டினேன்? அதுவா நின்னுச்சு! வண்டி நிறைய ஆஸ்பத்திரி போர்வை. பின்னாடி பஸ்காரன் ஹாரன்ல வச்ச கைய எடுக்கல. பேட்டரி விஞ்ஞானியோட பெண்டாட்டி வரேன், வழி விடுங்கன்னு கத்தவா?"

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மனைவி மூன்று சக்கர மின்வண்டியில் ஆஸ்பத்திரிக்குச் சலவைத் துணி கொண்டுபோகிறாள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பேட்டரிக் கடைக்காரன். லித்தியம் பேட்டரிக்கு வசதியில்லை. ஈய பேட்டரியையே தேற்றிப் பார்ப்போமென்று, நெகட்டிவ் தகட்டுப் பசையில் கொஞ்சம் கரித்தூள் கலந்து நான்கு பேட்டரிகள் செய்தேன். இது சார்ஜை வேகமாக வாங்கும். பாலத்தில் இறங்கும்போது பிரேக் போட்டால் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழுக்க நிரப்பினால் அதற்கு இடமிருக்காது, தண்ணீரும் சீக்கிரம் வற்றும். அதனால்தான் முழுக்க ஏறியதும் எரியும் பச்சை விளக்குக்கு முன்பே சார்ஜரை நிறுத்தச் சொன்னேன். நன்றாகத்தான் ஓடியது. இன்று கழுத்தை அறுத்துவிட்டது.

மச்சான் தன் வேனில் துணியை ஏற்றி நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். நாளை அவன் ஊரில் இல்லை. போகிறபோது, "மாமா, கரிய அடுப்புல போடுங்க, சோறாவது வேகும்" என்றான்.

மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று பேட்டரிகள் நன்றாக இருக்கின்றன. நாலாவது காலி; வரிசையாக மாட்டியதில் ஒன்று காலியானாலும் வண்டி நின்றுவிடும். தனியாகச் சார்ஜ் போட்டால் ஒழுங்காக ஏறுகிறது. பழுதில்லை. வரிசையில் அது மட்டும் கொஞ்சம் பின்தங்கி இருந்திருக்கிறது. முழு சார்ஜில்தான் அது மற்றவற்றை எட்டிப் பிடிக்கும். நான் அதற்கு வாய்ப்பே தரவில்லை.

"அப்போ பச்சை விளக்கு வேணும்?"

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா எப்போ?"

நான் மீட்டர் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

"தெரியாதுல்ல? காலையில நான் கிளம்புறதுக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா பழைய நாலையும் மாட்டிடுவேன்."

பழைய பேட்டரிகள் இரண்டாவது நடைக்கே தாங்காது.

கரி கலந்த ஈய பேட்டரிகளை வரிசையாக மாட்டி வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்: எத்தனை நாளைக்கு ஒருமுறை முழு சார்ஜ் போடுகிறீர்கள்? தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது? கிண்டலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் பதில் போடுங்கள். இவள் விடிந்ததும் கிளம்பிவிடுவாள்.