வெயிலில் வைத்த சிப்

என் அத்தானுக்குச் சுத்தம் என்றால் உயிர். அந்தச் சுத்தத்தில் இடி விழ!

இரண்டு வார வெளியூர் வேலை முடிந்து, நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்குத் திரும்பினால், என் மேசையில் பிரித்து வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரின் போர்டு மொட்டைமாடியில் வெயில் காய்கிறது.

"நீ கிளம்பின அன்னிக்கே சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டேன். ஈரம் சுத்தமாப் போகட்டும்னு வெச்சேன்" என்றார் அத்தான், முகமெல்லாம் பல்லாக. "ஒரு கறுப்பு ஸ்டிக்கர்தான் வரமாட்டேன்னுச்சு. நகத்தாலயே சுரண்டி எடுத்தேன்."

ஸ்டிக்கர் ஒட்டியிருந்த சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. நாள்கணக்கில் வெயில் பட்டால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டுவதே அதை மறைக்கத்தான்.

உள்ளே இருந்தது அப்பா எழுதிய விளையாட்டு. அக்கா ஜெயித்தால் 'வாயாடி ஜெயித்துவிட்டாள்' என்று திரையில் வரும். அப்பா போய்ச் சேர்ந்தபின் அவர் எழுதியதில் மிஞ்சியது அது ஒன்றுதான். இன்னொரு முறை அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் அக்கா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை என்னிடம் கொடுத்திருந்தாள்.

சிப்பைக் கழற்றி, உள்ளே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும் படிப்பானில் செருகினேன். வரிசை வரிசையாக எஃப், எஃப், எஃப். வெற்றுச் சிப்பில் வருவது அதுதான்.

"யாரைக் கேட்டு அதுல கை வெச்சீங்க? பாத்திரம் பண்டம்னு நெனச்சீங்களா?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஆபீஸிலிருந்து வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேற காப்பி இல்லையா?"

"இல்ல."

"எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"மூணு மாசமா உன் மேசைலதானே இருந்துச்சு?"

இருந்தது. படிப்பானும் பக்கத்திலேயே இருந்தது. நானோ கீபோர்டு பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பழைய மாதிரித் திருகாணிக்கு ஊரெல்லாம் அலைந்தேன். பெட்டி பளபளவென்று ஆனதும் காப்பி எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

"வெயில் பட்டா அழியும்னு அவருக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "உனக்குத் தெரியும்."

அப்போதும் எனக்கு அத்தானை ஓங்கி அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. அவ்வளவு கேவலமானவன் நான்.