ஜன்னல்காரி

எங்கள் ஊரில் யாராவது கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால், "என்ன, ஜன்னல்காரி ஆயிட்டியா?" என்பார்கள். ஜன்னல்காரி என்பது ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் ஓவியம். வரைந்தவர் வேறு தேசத்துக்காரர். எங்கள் ஊர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. நான் சட்டம் போடும் வேலை பார்க்கிற ஸ்டூடியோவில் அதன் பிரதி ஒன்று தொங்குகிறது. கல்யாணம் நிச்சயமான பெண்கள் அதைப் பார்த்து, அதே மாதிரி உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டூடியோ திறந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

அக்கா வீட்டுக் கூடத்தில் அப்படி இரண்டு படங்கள். இடமிருந்து வலமாக, முதலில் எங்கள் அம்மா, அடுத்து அக்கா. இருவரும் வலப்பக்கம் பார்த்தபடி இருப்பார்கள். அக்காவுக்கு அடுத்த இடம் அக்கா மகளுக்கு. கல்யாணம் முடிந்ததும், வேலை பார்க்கும் ஊருக்கே அவள் மறுபடி கடல் தாண்டிப் போகிறாள். படமாவது வீட்டில் இருக்கட்டும் என்று அக்கா எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் எடுக்க வந்த அன்று அக்கா மகள் பெஞ்சில் உட்காராமல் நின்றாள்.

"மாமா, நான் வேலை பாக்குற ஊர்ல, மியூசியத்துல நிஜப் படத்தையே பார்த்தேன். அவ இடப்பக்கம்தான் பாக்குறா."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றாள் அக்கா.

முதலாளி தொண்டையைச் செருமினார். "கண்ணாடி சரியாத்தான் இருக்கும்மா. எங்கப்பா பண்ண வேலை அது. நம்ம ஜன்னல் வலப்பக்கம் இருக்கு. இடப்பக்கம் வேணும்னா, கேமராவ எதிர்ப்பக்கம் வெச்சு, வாசக்கதவ மறைச்சுத் திரை கட்டணும். அப்புறம் ஆளுங்க எப்படி உள்ள வர்றது? ஜன்னலத் திருப்ப முடியாதுன்னு ஜன்னல்காரியத் திருப்பிட்டார். பிலிமப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்தார்."

"அப்ப ஊர்ப் பொண்ணுங்க அத்தனை பேரும் தப்பா உட்கார்ந்தோமா?"

"தப்புன்னு இல்லம்மா. கடைக்கு ஏத்த மாதிரி."

நான் மட்டும்தான் சிரித்தேன்.

"அவ முன்னால நின்னப்ப நம்ம கூடம் ஞாபகம் வந்து அழுதுட்டேன் மாமா. அங்க இருந்த காவக்காரர் தண்ணி குடுத்தார். அவ எப்படி உட்கார்ந்திருந்தாளோ அப்படியே எனக்கு வேணும்" என்றாள் அக்கா மகள்.

"உன் இஷ்டம். ஆனா அத எங்க பக்கத்துல மாட்ட மாட்டேன்" என்றாள் அக்கா. "நாங்க ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. கதவைச் சாத்தித் திரை கட்டினோம். வெளியே ஒருவர் தட்டினார்.

"முதலாளி, கடை உண்டா இல்லையா?"

"கடை உண்டு. கதவுதான் இல்ல. கொஞ்சம் பொறுங்க."

அதைக் கேட்டு அவள் உதட்டோரம் சிரித்தபோது முதலாளி படத்தை எடுத்துவிட்டார்.

சட்டம் போட்டு நானே எடுத்துப் போனேன். அக்கா மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா சமையலறையை விட்டு வரவில்லை.

"கட்டிலுக்கு அடியில வைடா."

"வைக்கிறேன். சட்டம் மத்ததோட பொருந்துதான்னு மட்டும் வந்து பாரு."

காலியாக இருந்த இடத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்த அக்கா அப்படியே நின்றாள். சட்டத்துக்குள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை, அவள் மகள் நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் கை வலிக்கத் தொடங்கியது.

"எங்கம்மா இத்தன வருஷமா என் முதுகத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றாள் அக்கா மெல்ல. "நான் வெறும் சுவத்தப் பாத்துக்கிட்டு."

அக்கா மகள் துணியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"கொஞ்சம் கீழ இறக்குடா. கண்ணுக்குக் கண்ணு நேரா வரட்டும்."