தண்டுக்குள் உட்கார்ந்த விதை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பலாகாவின் அடுப்படியில் பிளம் சாராயம் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வாயிலிருந்து பறித்தது. "எழுதிக்க. ஆனா என்னைக் குண்டாக்கிடாத" என்று ஒரே நிபந்தனை போட்டாள்.

முதல் தொடக்கம்: எங்கள் மரமுரேஷ் மலைகளில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். அன்று பளீரென்று வெயில்.)

இரண்டாவது: பலாகா தன் வயலில் வாடி நின்ற கஞ்சாச் செடியொன்றைப் பிடுங்கித் தண்டைக் கத்தியால் பிளந்தாள். உள்ளே, வெள்ளைப் பஞ்சு போன்ற ஏதோ ஒன்றின் நடுவில், எலிப்புழுக்கை அளவில் ஒரு கறுப்பு விதை.

இது இருக்கட்டும்.

[நாருக்காக வளர்க்கும் கஞ்சா. புகைத்தால் தலைவலிதான் மிச்சம். முயன்றவன் சொல்கிறேன்.]

2

கஞ்சா விதை செடியின் உச்சியில்தான் பிடிக்கும். தண்டுக்குள் எப்படி வந்தது? பலாகாவிடம் விளக்கம் தயாராக இருந்தது. தவக்காலத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பெண்கள் கஞ்சாவுக்காக ஆடுவார்கள். எவ்வளவு உயரம் குதிக்கிறார்களோ அவ்வளவு உயரம் செடி வளரும். இந்த வருடம் அவளுக்குக் கணுக்கால் சுளுக்கு.

"பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டே ஆடினேனா, விதையும் மேல ஏற மாட்டாம பாதியிலயே உட்கார்ந்திருச்சு."

அவளுடைய ஓரகத்தி தொதோசியா விதையை முகர்ந்து பார்த்தாள்.

"விதையாவது, வெங்காயமாவது! இது பூஞ்சணம்டி. மண்ணுல விழுந்துச்சுன்னா அடுத்த வருஷம் ஊர் வயலே போச்சு. வாடினதையெல்லாம் எரி."

"பாதி வயலுக்கா கொள்ளி வைக்கச் சொல்ற? அப்புறம் என் மக கல்யாணத்துக்கு விரிப்பை எதுல நெய்ய?"

"என் நூலைத் தர்றேன்."

"வேணாங்கக்கா. பந்தியில உட்கார்ந்து பத்துப் பேர் முன்னாடி அதைச் சொல்லிக் காட்டுவீங்க."

"ஆமா, சொல்லுவேன். பின்ன, சும்மாவா தருவாங்க?"

3

தொதோசியாவைப் பொறாமைக்காரியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் சொல்வதுதான் சரியோ என்ற சந்தேகம். அதைவிட, ஒரு வில்லி இப்படி முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்வாளா?

4

முடிவு ஒன்று: பலாகா விதையைத் தொட்டியில் ஊன்றுகிறாள். வசந்தத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பழுப்புக் காளான் முளைக்கிறது. ஊரே வேலியில் சாய்ந்து சிரிக்கிறது.

முடிவு இரண்டு: எரிக்கிறாள். மகளுக்கு ஓரகத்தி நூலில் விரிப்பு. கல்யாணப் பந்தியில் தொதோசியா வாயைத் திறக்கிறாள்.

இரண்டையும் படித்துக்காட்டினேன்.

"ஒண்ணுல நான் முட்டாள், இன்னொண்ணுல கடன்காரி. உனக்கு ஊத்தின சாராயத்துக்கு இதான் மரியாதையா?"

"நிஜத்தில என்னதான் பண்ணப் போற பலாகா?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். வாடிய செடிகள் முற்றத்தில் குவிந்து கிடந்தன. பக்கத்தில் தொதோசியா தீப்பெட்டியோடு இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் காலடியில் ஒரு நூல்கண்டு மூட்டை, கேட்காமலே கொண்டுவந்திருந்தாள்.

பலாகா விதையை என் காகிதத்தின் மேல் வைத்தாள். "உன் கதையைப் படிக்கிறவங்களையே கேளு. நீ ரெண்டு முடிவு வாசிச்சுக் காட்டி என்னைக் குழப்பிட்ட, அவங்களுக்காவது புத்தி இருக்கும்."

ஆகவே இந்தக் கதைக்கு நான் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அந்த இடத்தில் கறுப்பாக, சற்றே பெரிதாக இருப்பது அந்த விதைதான். உள்ளே பலாகாவும் முற்றத்தில் தொதோசியாவும் காத்திருக்கிறார்கள். தாளை உதறாமல் எடுங்கள், மண்ணில் விழுந்துவிட்டால் ●