சரிவுப் பலகை

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டு நல்லையா தேயிலை மலையை விட்டு இறங்கினார். அரை நாள் சம்பளம் போதும் என்றபோது கங்காணி காரணம் கேட்கவில்லை. தோட்டம் முழுக்கத் தெரிந்த காரணம்தான். நல்லையாவின் மனைவி கருப்பம்மாவுக்குச் சீனி வருத்தம். சர்க்கரை ஏறிப் புண் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மகள் யசோதினி வத்தளையில் தையல் பெக்டரியில் வேலை செய்கிறாள். எங்கேயோ அலைந்து ஒரு வீல் செயார் எடுத்துக்கொடுத்தாள். கொடுத்த கையோடு, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னாள். அவள் இருப்பது மாடியில் ஓர் அறை.

கருப்பம்மா வார்ட்டில் படுத்தபடியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

"நான் வீட்டுக்குத்தான் வருவேன். ஆனா கக்கூசுக்கு நானே போவணும், நானே வரணும். என்னய கொழுந்துச் சாக்காட்டம் தூக்கி எறக்குறதா இருந்தா எங்க கெடந்தா என்ன? இவ மாடியிலயே கெடக்குறேன்."

லயம், தோட்டத்து வரிசை வீடு, தரையை விட்டு மூன்று படி உயரம். படி ஏறினால் இஸ்தோப்பு என்கிற முன்திண்ணை. இஸ்தோப்பைத் தாண்டி வாசல், வாசலில் நிலைப்படி. கக்கூஸ் லயத்துக் கோடியில்.

படிக்கு மேல் ஒரு சரிவு கட்டித்தரும்படி நல்லையா தோட்டத்து ஆபீசில் கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். பிறகு ஹாலிஎலயிலிருந்து தச்சு பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார். பாஸ் அளந்து பார்த்து முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். பலகையின் அடி இங்கே வந்து நிற்க வேண்டும், இதற்கு உள்ளே வந்தால் செங்குத்தாகிவிடும், அந்த அம்மா தனியாக உருட்ட முடியாது என்றார். பலகை வாங்கி வையுங்கள், வருகிறேன் என்றார். சவுக்குப் பலகைகள் வந்து இஸ்தோப்பில் சாய்ந்து நின்றன. பாஸ் வரவில்லை. போன மழையில் வந்த மண்சரிவுக்குப் பிறகு எல்லா பாஸ்மாருக்கும் டவுனிலேயே வேலை இருந்தது.

ஆகவே தானே அறுத்துவிடுவதென்று நல்லையா அன்று பதுளைக்குப் பஸ் ஏறினார்.

மிசின் சாமான் விற்கும் ஷுக்ரியின் கடையில் கூட்டம் இல்லை. ஷுக்ரி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"செல்லுங்க அண்ணே, என்ன வேணும்?"

"பலக அறுக்க ஒரு மிசின் வேணுங்க மொதலாளி. வீட்டு வேலைக்கி."

"நேரா அறுக்கவா, வளச்சு அறுக்கவா?"

நல்லையா யோசித்தார். "நேராத்தாங்க."

ஷுக்ரி மூன்று பெட்டிகளைத் திறந்து மேசையில் வைத்தான். முதலில் கிரைண்டரைத் தள்ளி வைத்தான்.

"இதுக்கு மரம் வெட்டுற தட்டு போட்டுத் தாங்கண்டு கேக்குறாங்க. நான் குடுக்குறல்ல. கல்லு வெட்ட எடுங்க, தாறன். மரத்தில மாட்டினா கைக்குத் துள்ளும். வெரல் நமக்கு வேணுமே."

"வேணுங்க."

"நேரா அறுக்க இந்த வட்ட வாள்தான் ராசா. ஆனா லயத்துக் கரண்ட்ல இது சுத்தாது. சுத்தினா உங்கட லயத்தில ஒரு பல்பும் எரியாது. ஊரே வாசலுக்கு வந்திடும்."

மூன்றாவது ஜிக்சோ. மெல்லிய அலகு, கோழி கொத்துவதுபோல மேலும் கீழும் போய்வந்தது.

"இது சாது. மெதுவாப் போகும், கரண்டும் கொஞ்சமாத்தான் குடிக்கும். பெட்டரி போட்டதும் ஈக்கி. கரண்ட் இல்லாட்டியும் ஓடும்."

நல்லையா பெட்டரி வைத்ததின் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு வயர் உள்ளதைக் கையில் எடுத்தார். தீபாவளி முற்பணத்தில் மிஞ்சியது அதற்குத்தான் போதுமாக இருந்தது. கைப்பிடியை இறுக்கி, முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்ட போட ட்ரில்?"

"ஆணி அடிச்சுக்கிறேங்க."

"அண்ணே, ஒண்டு செல்றன், கேளுங்க. அடியில ஈக்கிற இந்தத் தட்டு பலகையோட ஒட்டி ஈக்கணும். தூக்கினீங்கண்டா வெட்டு சாஞ்சிடும். அமத்திப் புடிங்க, தள்ள வாணாம், அது தானாப் போகும். என்ன வேல செய்றீங்க?"

"தேயில கவ்வாத்துங்க."

"அப்ப வெட்டுறது உங்களுக்குப் புதுசில்லியே."

"வெட்டுறதே வேலதாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் இல்லை. தெமோதரைப் பக்கம் எங்கேயோ கம்பியில் மரம் விழுந்துவிட்டதாம். நல்லையா வயரை வீட்டுக்குள் செருகிவிட்டு, மிசினை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். மழை வந்தது, விட்டது. பக்கத்துக் காம்பரா மாடசாமி, அவரோடு கவ்வாத்து வெட்டுகிறவர், இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"என்னடா, கவ்வாத்துக் கத்திக்கி கரண்ட் போட்டுட்டியா? தொரைக்கி தெரிஞ்சா ரெண்டு பேரு வேலய ஒனக்கே குடுத்துருவாரு."

"போடா."

"சத்தம் போடுமா?"

"போடும்."

"பொண்டாட்டி இல்லாத வீட்ல சத்தம் கேட்டா நல்லாத்தான் இருக்கும்."

நல்லையா சிரித்தார். சிரிக்கவும் கொஞ்சம் பலம் தேவையாக இருந்தது. ஆறு வாரமாக மலையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து மலை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தார்.

மூன்று மணிக்கு மேல் கரண்ட் வந்தது. லயம் முழுக்க டீவி கத்தத் தொடங்கியது. நல்லையா முதலில் நிலைப்படிக்கு முன்னால் குந்தினார். மஞ்சளும் குங்குமமும் ஊறி ஊறி மரம் நிறம் மாறியிருந்தது. கருப்பம்மா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு யாரும் பூசவில்லை. அவர் அலகை வைத்து விசையை அழுத்தினார்.

மிசின் இரண்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த வாசலிலிருந்து ஜெயலெட்சுமி வந்துவிட்டாள். அவள் வீட்டு டீவியில் படம் சுருங்கியிருந்தது. டீவியைப் பற்றிப் பேச வந்தவள், அவர் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"அண்ணே! நெலப்படியவா அறுக்குறீங்க?"

"ம்."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்ச பூசுற படிண்ணே."

"பூசுறவ கால் இல்லாம வாறா தாயி."

ஜெயலெட்சுமி நின்றாள். பிறகு உள்ளே போனாள். அவள் வீட்டு டீவி நின்றது. சற்று நேரத்தில் அடுத்தடுத்த காம்பராக்களிலும் நின்றது. அவள் சொல்லியிருக்க வேண்டும். மிசினின் சத்தம் ஏறியது.

படியின் இரண்டு முனையிலும் மிசினின் தட்டு நிலைக்காலில் முட்டியது. எட்டிய மட்டும் அறுத்து, மீதியை உளியால் பெயர்த்தார். பெயர்ந்த கட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாமிப் படத்தட்டுக்குக் கீழே வைத்தார்.

பிறகு பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் இருந்தன. தலைப்பக்கம் இஸ்தோப்பின் விளிம்போடு பொருந்த வேண்டும். அடிப்பக்கம் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டார். வானம் மறுபடியும் இருண்டுகொண்டு வந்தது. மழை வந்தால் கரண்ட் போகும்.

அவர் வேகமாக வெட்டினார். முப்பது வருடமாக வெட்டுகிற கை. கவ்வாத்தில் நிரை பிடித்தால் நிரை முடியும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு செடி, அடுத்த செடி. பார்க்க நின்றவன் பின்தங்குவான். நல்லையாவும் நிற்கவில்லை. ஒரு பலகையைத் தள்ளினார், அடுத்ததை இழுத்தார். தலையை வெட்டினார், அடியை வெட்டினார். மிசின் கையில் நடுங்கியது. தூள் கண்ணில் விழுந்தது. பல நாளுக்குப் பிறகு மனதில் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

கடைசிப் பலகையை முடித்துவிட்டு எல்லாவற்றையும் படிமேல் அடுக்கினார்.

ஒன்றும் பொருந்தவில்லை. எல்லா முனைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பென்சில் கோட்டில் தொடங்கிய வெட்டு கோட்டை விட்டு உள்ளே ஓடியிருந்தது. விளிம்பில் வாய் வாயாக இடைவெளி. நாற்காலியின் முன்சில்லு அதில் இறங்கினால் ஏறாது.

மாடசாமி வந்து ஒரு முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"டேய், கவ்வாத்து வெட்டிட்டியேடா."

நல்லையா வெட்டுவாயைக் குனிந்து பார்த்தார். தேயிலையை நேராக வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் தங்கித் தூர் அழுகும். சரித்துத்தான் வெட்ட வேண்டும். கை அதைச் செய்திருந்தது. கண் கோட்டில் இருந்தது, கை செடியில் இருந்தது.

"நல்லா தண்ணி வடியும்டா. ரெண்டு மாசத்துல துளிரு விட்ரும் பாரு."

"ஹாலிஎலயில மர ஆல தெறந்திருக்குமா?"

மாடசாமி சிரிப்பை நிறுத்தினார். "ஞாயித்துக்கெழமடா."

நல்லையா ஒரு பலகையை எடுத்துத் திரும்ப அறுத்தார். அவசரத்தில் அதுவும் சாய்ந்தது. அப்புறம்தான் மாடசாமி ஒரு நேர்ச்சட்டத்தைக் கொண்டுவந்து பலகைக்குக் குறுக்கே வைத்து, அதன் இரண்டு முனையிலும் கையை ஊன்றி உட்கார்ந்தார். நல்லையா மிசினின் தட்டைச் சட்டத்தோடு ஒட்டி, பலகையில் அமர்த்திப் பிடித்தார். தள்ளவில்லை. அது தானாகப் போனது. வெட்டு நேராக விழுந்தது. குட்டையாகிப்போன அந்தப் பலகையின் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் வெட்ட வேண்டியிருந்தது.

குறுக்குச் சட்டங்களை வைத்து ஆணி அடித்தார்கள். இரண்டு பேரும் பிடித்துப் பலகையைப் படிமேல் போட்டார்கள். தலைப்பக்கம் விளிம்போடு அழகாகப் பொருந்தியது. அடிப்பக்கம் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே நின்றது.

இரண்டு பேரும் கோட்டைப் பார்த்தார்கள்.

"ஏறும்டா" என்றார் மாடசாமி.

மழை பிடித்துக்கொண்டது. லயத்தில் டீவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கத்தத் தொடங்கின.

திங்கட்கிழமை நல்லையா வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் மலைக்குப் போய்விட்டதால் லயம் காலியாக இருந்தது. பத்து மணிபோல ஓட்டோ வந்து முற்றத்துக்குக் கீழே நின்றது. யசோதினி இறங்கி நாற்காலியை விரித்தாள். ஓட்டோக்காரரிடம், "கொஞ்சம் நில்லுங்கண்ணே, சொல்றேன்" என்றாள். கருப்பம்மாவின் உடுப்புப் பையை அவள் ஓட்டோவிலிருந்து எடுக்கவில்லை. நல்லையா அதைக் கவனித்தார்.

கருப்பம்மா மெலிந்திருந்தாள். முற்றத்தில் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் பழகியிருக்கிறாள். பலகைக்கு முன்னால் நிறுத்தி அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"யாரு செஞ்சது?"

"நாந்தான்."

"பாஸ் வரலயா?"

"வரல."

"மூஞ்செல்லாம் ஏன் வீங்கிக் கெடக்கு? சாப்புடுறதில்லையா?"

"சாப்புடுறேன்."

அவர் பின்னால் போய்க் கைப்பிடிகளைப் பிடித்துத் தள்ளினார். நாற்காலி ஏறியது, பாதியில் நின்றது. தோளைக் கொடுத்தார். ஈரப் பலகையில் கால் வழுக்கியது. யசோதினி ஓடிவந்து பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இஸ்தோப்பில் ஏறினார்கள். வாசலில் சில்லுகள் இரண்டு பக்கமும் நிலைக்காலை உரசிக்கொண்டு உள்ளே போயின. நிலைப்படி இருந்த இடத்தைத் தாண்டும்போது கருப்பம்மா குனிந்து பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் கையால் தொட்டுக்கொண்டாள். 

நல்லையா பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். அவள் பாதி குடித்தாள். கிளாசை மகளிடம் நீட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். தானே உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி இஸ்தோப்பின் விளிம்புக்கு வந்தாள்.

"அம்மா, இருங்க" என்றாள் யசோதினி.

"புடிக்காத. தள்ளி நில்லு."

கருப்பம்மா இரண்டு சில்லையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு விரற்கடை விட்டாள். முன்சில்லுகள் பலகையில் இறங்கின. பாரம் முழுக்க முன்னால் சாய்ந்தது. சில்லின் வளையம் அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நல்லையா பாய்ந்து பின்னால் பிடித்தார். அவருடைய நெஞ்சு நாற்காலியின் முதுகில் மோதியது. அவர் பிடித்தபடியே, குதிகாலை ஊன்றி, ஒவ்வோர் அடியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். முற்றத்தில் சமதரை வந்ததும் விட்டார். நாற்காலி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நின்றது. மழையில் கரைந்தும் அந்தக் கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

கீழே ஓட்டோக்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டு, போவதா நிற்பதா என்று யசோதினியைப் பார்த்தார். யசோதினி அப்பாவைப் பார்த்தாள்.

கருப்பம்மா கையை விரித்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"இன்னைக்கி நீங்க புடிச்சிக்கிட்டீங்க. நாளைக்கி நீங்க பெரட்டுக்கு நின்னு மலைக்கி போனப்பறம் நான் எப்படிங்க எறங்குறது?"