இரண்டு மணி ஜெபமாலை

மின்வெட்டு தொடங்கிய வருஷத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பல்சக்கரப் பட்டறையின் உலையை ராத்திரியில்தான் ஏற்றினார்கள். பகலில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாதியில் உலை குளிர்ந்தால் உள்ளே வெந்துகொண்டிருக்கும் பல்சக்கரம் அத்தனையும் காயலான் கடைக்குத்தான் போகும். அதனால் உலையில் நின்ற இக்னேஷியஸுக்கு நைட் ஷிப்டே நிரந்தரமாகிவிட்டது. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்.

பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் எடுத்து எண்ணெய்த் தொட்டியில் இறக்க வேண்டும். அதுதான் வேலை. ஒரு ராத்திரி, பக்கத்து உலைக்காரன் நின்றபடியே தூங்கிப் போய்க் கையைத் தொட்டிக்குள் விட்டதை இக்னேஷியஸ் கண்ணால் பார்த்தான். மறுநாள் ஆவடிக்குப் பக்கத்தில், சேக்காட்டில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இன்னா, துன்னாம உக்காந்துகினே கீறே?" என்றாள் ரோஸி.

"பயமா கீது, ரோஸி. ரெண்டு மணிக்குத்தான் கண்ணு சொருகுது. டீ பிரேக்ல தலை சாஞ்சா அப்புறம் அவ்ளோதான்."

சற்று நேரம் கழித்து அவனே ஒரு யோசனை சொன்னான். ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐம்பது மணி. ஒவ்வொரு மணிக்கும் அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். ரோஸியின் தாய் வீட்டில் அவள்தான் எப்போதும் முதல் பாதி சொல்லுவாள். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டத்தோடு பதில் சொல்லித்தான் பழக்கம். ரெண்டு மணிக்கு அவள் அலாரம் வைத்து எழுந்து முதல் பாதியைச் சொல்ல வேண்டும். அவன் பட்டறையில் உட்கார்ந்து மறுபாதியைச் சொல்வான்.

ரோஸி சிரித்தாள். "நான் இங்க சொன்னா ஒனக்கு அங்க கேக்குமா?"

"கேக்கும்."

கேட்கவும் செய்தது. ஸ்டோருக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும். அவள் குரல், தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் கம்மியபடி, ஒவ்வொரு மணிக்கும் முன்னால் வந்து நின்றது. அவள் மூச்சு வாங்கும் இடைவெளிகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. கூட வேலை செய்த வேம்புலி, பாடியில் குடியிருந்தவன், அந்த அரை மணி நேரம் உலையைப் பார்த்துக்கொள்வான். "போ அண்ணாத்தே, எனக்கும் சேத்துச் சொல்லு" என்பான். எழுந்து வரும்போது இக்னேஷியஸின் தூக்கம் போயிருக்கும்.

பிலோமினா பிறந்த பிறகும் அது நிற்கவில்லை. குழந்தை விழித்துவிடாதபடி மெல்லச் சொல்வதாக ரோஸி சொன்னாள். அவனும் அங்கே மெல்லச் சொல்லப் பழகிக்கொண்டான்.

எண்பத்தேழாம் வருஷ மழையில் பிலோமினா காய்ச்சலில் படுத்தாள். மூன்று வயது. இரண்டாம் நாள் காலை அவன் ஷிப்ட் முடிந்து ஆவடியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்துப் போர்ஷன் பத்மாதான் விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ரோஸி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்கச் சேறு. ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் தூக்கி வந்திருக்கலாம் என்றும் யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்கிற பேச்சுதானே என்று அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிலோமினாவின் அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனான். இரண்டு மணிக்குப் பெட்டியில் உட்கார்ந்தான். ரோஸியின் குரல் வந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே பதில் சொன்னான்.

அதன் பிறகு வீட்டில் ரோஸி பேசுவது குறைந்துபோனது. அவன் காலையில் வரும் நேரம் அவள் துணி எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குக் கிளம்புவாள். சோறு எங்கே, குழம்பு எங்கே என்று சொல்லிவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள். கோயிலுக்குள் வரமாட்டாள், வாசலில் நிற்பாள். இக்னேஷியஸ் அவளை எதுவும் கேட்டதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் தன்னோடு பேசுகிறாளே, அது போதும் என்று இருந்தான். பகலில் என்ன மௌனம் இருந்தாலும் அந்த அரை மணி நேரம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மழைக்காலத்தைத் தள்ளினான்.

ஒரு நாள் மத்தியானம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பத்மா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். ஆவடி ராணுவ டாங்கி பாக்டரியில் வேலை செய்பவரின் மனைவி. வெகுளி.

"ராத்திரிலாம் தூங்க உடமாட்றான்ணே இவன். நல்ல வேளை, உங்க ஊட்டு அலாரம் இப்ப அடிக்கறதில்ல. முன்னல்லாம் செவுரு பக்கமே அடிக்கும், தூக்கிவாரிப் போடும்."

அவன் துண்டை முகத்திலிருந்து எடுத்தான். "எப்பலேர்ந்து அடிக்கல?"

"அது... பாப்பா போனதுலேர்ந்துணே." சொன்ன பிறகுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இக்னேஷியஸ் அன்று தூங்கவில்லை. அலாரம் இல்லாமலே எழுந்து பழகியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். அன்று ராத்திரி பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடினான். குரல் வந்தது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று முதல் தடவையாகக் கவனித்தான். தன் தொண்டைக்குள்ளிருந்துதான் வந்தது. முதல் பத்து மணியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இருவரும் ஓரமாக நின்றார்கள். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"ரோஸி, ராத்திரில நீ எழுந்துக்கறதில்லையா?"

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போய், கேட் திறந்து, சைக்கிள்காரர்கள் எல்லாம் கடந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"இல்ல."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? அன்னிக்கு ராத்திரி பாப்பாவுக்கு ஒடம்பு அனலாக் கொதிச்சுது. தூக்கிகினு கெளம்பிட்டேன். கதவாண்ட போனேன். அலாரம் அடிச்சுது." அவள் நிறுத்தி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீ அங்க உக்காந்துகினு இருப்பே. நான் சொல்லலைன்னா நீ யாருக்குப் பதில் சொல்லுவே, தூங்கிப் போயி கைய உட்ருவியோன்னு பயம். அரை மணி நேரந்தானே, மாதாவும் பாத்துக்கும், முடிச்சிட்டு ஓடலாம்னு மடில வெச்சுகினே சொன்னேன். நாலாம் பத்து சொல்லும்போது வெட்டி வெட்டி இழுத்துச்சு. அப்பவும் அஞ்சாம் பத்தை முடிச்சேன். பாதில உட்டா இன்னும் கெட்டது நடந்துடும்னு முடிச்சேன்."

அவள் அழவில்லை. கடையில் நடந்த ஏதோ தகராறைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இக்னேஷியஸ் கேட் தூணைப் பிடித்துக்கொண்டான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மேல் அவனுக்கு ஆத்திரம் வந்தது. உடனே அது திரும்பி அவன் மேலேயே விழுந்தது. அலாரம் வைக்கச் சொன்னவன் அவன். கேட்கும் என்று சொன்னவனும் அவன்தான். அந்த நேரத்தில் அவன் பெட்டியில் உட்கார்ந்து, அவள் குரல் அன்றைக்கு நன்றாகக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பான். ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எல்லா ராத்திரியும் போல அதுவும் ஒரு ராத்திரி.

"உன் மேல தப்பு இல்ல, ரோஸி," என்றான்.

"யார் மேலதான் தப்பு, சொல்லு. சாமி மேலயா?" என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

அந்த வாரம் அவன் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தான். அவர் வயதானவர், நல்லவர். முழுவதும் கேட்டுக்கொண்டார். ஆண்டவர் அந்தத் தாயின் மனசைப் பார்ப்பார், ஜெபத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார் என்றார். அவளை அழைத்து வரச் சொன்னார். இக்னேஷியஸ் அந்த வார்த்தைகளை மறக்காமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தான். ரோஸி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். ஐந்து பத்தையும் எண்ணி முடித்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளாக அவை இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

பகல் ஷிப்ட் கேட்டுச் சூப்பர்வைசர் கஜபதியிடம் போய் நின்றான். "உலைய நீ பாக்காம யாரு பாக்கறது? கரண்ட் நெலமை சரியாவட்டும், பாக்கலாம்" என்றார் அவர். ராத்திரி இரண்டு மணிக்கு வேம்புலி வழக்கம்போல, "போ அண்ணாத்தே, நான் கீறேன் இல்ல" என்றான்.

"வேணாம் வேம்புலி. நீ போயி டீ குடி."

வேம்புலி அவன் முகத்தைப் பார்த்தான். இரண்டு கிளாஸில் டீ வாங்கி வந்து ஒன்றை அவன் பக்கத்தில் வைத்தான்.

அக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சுரூபத்தை, கோயிலிலிருந்த அந்தச் சின்னச் சிலையை, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சாயங்காலம் ஜெபம் சொல்வார்கள். இவர்கள் வீட்டு முறை வந்தபோது வேண்டாம் என்று சொல்ல இக்னேஷியஸுக்கு வாய் வரவில்லை. ரோஸியும் மறுக்கவில்லை. அறையைப் பெருக்கி, ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, கனகாம்பரம் வாங்கி வைத்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்கக் காப்பிக்குப் பால் வாங்கினாள். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து, அறை கொள்ளாமல் வெளியிலும் நின்றார்கள். உபதேசியார் பிரகாசம் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "ரோஸிம்மா, நீ ஆரம்பி. உன் குரல் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றார்.

எல்லாரும் மண்டியிட்டிருந்தார்கள். ரோஸி எழுந்தாள்.

"அடுப்புல பால் கீது," என்று சொல்லிவிட்டு அடுப்பை மறைத்திருந்த தடுப்புக்குப் பின்னால் போனாள்.

பிரகாசம் இக்னேஷியஸைப் பார்த்தார். அவன் ஜெபமாலையைக் கையில் எடுத்தான். முதல் பாதி அவனுக்குத் தெரியாமலா இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்டது. ஆனால் முதல் வார்த்தையைச் சொல்லப் போனபோது, தடுப்புக்குப் பின்னால் அவள் நின்று கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் அதை இறக்கவில்லை. அவன் தலையை அசைத்தான். பிரகாசம் தாமே ஆரம்பித்தார். அறை முழுக்கப் பதில் சொன்னது. இக்னேஷியஸின் உதடு அசையவேயில்லை.

ஐந்து பத்தும் முடிந்து, பாட்டுப் பாடி, காப்பி குடித்து, சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ரோஸி கிளாஸ்களைத் திரட்டிக் கழுவப் போட்டாள். அவனுக்குச் சோற்றை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவனிடம், முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"ரெண்டு மணிக்கு இப்பல்லாம் இன்னா பண்றே?"

"டீ குடிக்கிறேன்."

"தூக்கம் வர்லியா?"

"வர்ல."

அவள் தலையாட்டினாள். அவன் தெருவில் இறங்கினான். அடுத்த வீட்டில் ஜெபம் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழாத தூரம் வரைக்கும் வேகமாக நடந்தான்.