இரண்டாவது பூச்சு

பிரஷர் வாஷரின் குழலை லைல் எதிரியின் கழுத்தைப் பிடித்ததுபோல் பிடித்திருந்தான். தண்ணீர் சீறி அடித்த வேகத்தில் வீட்டின் பின்புறம் மரப்பலகையால் போட்ட திறந்த தளமான டெக்கிலிருந்து மூன்று வருஷத்துப் பாசி பறந்தது, கொஞ்சம் மரமும் சேர்ந்து பிய்ந்தது. இவ்வளவு கிட்டத்தில் வைத்து அடித்தால் மரம் நார் நாராகும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் எதையாவது அடிக்காவிட்டால் அவனுக்குக் கை நமநமக்கும். கழுவி முடித்ததும் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளைச் சுத்தியலால் அறைந்தான். ஓர் அடி போதும் என்கிற ஆணிக்கு மூன்று கொடுத்தான்.

ஜனவரியில் அதே கையால்தான் மனைவி ரெனேயின் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து முறித்தான். மகள் பிரிட்டா அன்றைக்கு ஹாக்கி ஆட வெளியூர் போயிருந்தாள். அவள் திரும்பி வந்ததும், "உங்கம்மா வாசப்படியில பனி வழுக்கி விழுந்துட்டா" என்றான் லைல், கண்ணில் தண்ணீரோடு. ரெனே நடந்ததை நடந்தபடி சொன்னாள். பெண் அப்பாவைத்தான் நம்பினாள். ரெனே போலீசுக்குப் போகவில்லை, அவனைத் துணிப்பையோடு வெளியே தள்ளியதோடு சரி. ஆளையே அசத்தும் வண்ணம் பொய் சொல்லக்கூடிய ஆள் லைல், அதில் அவனுக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது பிரிட்டா பள்ளியை முடித்துவிட்டாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரிக்கரை ஊர்களில் பிள்ளை பள்ளி முடித்தால் தெருவே விருந்துக்கு வரும். புல்லை வெட்டி, கராஜைக் கழுவி, வீட்டையே மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல் ஆக்கி வைப்பார்கள். "அப்பா வரலன்னா எனக்கு விருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பிரிட்டா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ரெனே இறங்கி வந்தாள்.

"டெக்க நாறப் போட்டுட்டுப் போனவன் நீதானே? வந்து கழுவி எண்ணெய் பூசிக் கொடு. இந்த வாரம் ஒரு தடவ கை ஓங்குனாலும், சனிக்கிழமை விருந்தன்னிக்கு இந்தத் தெருவுல உன் தலை தெரியக் கூடாது."

"ஓங்க மாட்டேன்" என்றான் லைல். மனதாரத்தான் சொன்னான். மகள் விருந்தாளிகளுக்கு நடுவில் நின்று, 'எங்கப்பா' என்று தன்னைக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கழுவினான். புதன்கிழமை காயவிட்டான். வியாழன் காலை தேவதாரு நிற எண்ணெயைப் பூசினான். மெல்லிசாக ஒரே பூச்சு, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அப்படியேதான் செய்தான். பிரிட்டா சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, புதுசு மாதிரி இருக்குப்பா!"

அந்த ஒரு வார்த்தை அவன் தலைக்கேறிவிட்டது. மத்தியானம், டப்பாவில் பாதி மீதியிருக்கக் கண்டு, மேலே இன்னொரு பூச்சைக் கெட்டியாக இழுத்துவிட்டான். துடைக்கவும் மனசு வரவில்லை, அப்படி மினுங்கியது. வயிறு நிறையக் குடித்த மரம் அதற்குமேல் குடிக்காது, மேலேயே நின்று பிசுபிசுக்கும். அந்த ஊரில் புருசு பிடித்த எவனுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பாராட்டுக்கு அலைகிறவனுக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை ரெனே வேலைக்குப் போயிருந்தாள். அவள் தம்பி கோர்டி, சர்ச்சிலிருந்து மடக்கு மேசைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு டெக்கில் கால் வைத்தான். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"என்ன மச்சான், ஈ பிடிக்கப் பசை தடவி வச்சிருக்கியா?"

"காஞ்சிடும்."

"எப்ப? பிரிட்டா கல்யாணத்துக்கா?"

லைல் பல்லைக் கடித்தான். இன்னும் ஒரே ஒரு நாள். உருளைப் புருசு மாட்டிய நீளக் கழி கையில் இருந்தது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"டப்பாவுலயே போட்டிருக்கே மச்சான், ஒரு பூச்சுன்னு. உனக்கு எதையும் அளவாச் செய்யத் தெரியாது. எங்கக்கா கையையும் முறியற வரைக்கும் விடலயே நீ."

முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். கோர்டியின் பல் ஒன்று தெறித்துப் பலகையில் ஒட்டிக்கொண்டது. மேசை சரிந்து அவன் காலில் விழ, அவனும் குப்புற விழுந்தான். லைல் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, தலைமயிரைப் பற்றி, முகத்தைப் பலகையில் மோதினான். தூக்கும்போதெல்லாம் கன்னம் பிசினிலிருந்து பிய்ந்து வந்தது. கோர்டி கையைப் பின்னால் வீசி லைலின் கண்ணில் நகத்தைப் பதித்தான். வலியில் லைலுக்கு வெறி இரட்டித்தது. கழியின் முனையால் விலாவில் குத்தினான். உள்ளே ஏதோ நொறுங்கியது கைக்கே தெரிந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது, அதுதான் கொடுமை.

"வழுக்கித்தான் விழுந்தா! சொல்லுடா! வழுக்கி விழுந்தான்னு சொல்லு!"

"கதவுல... வச்சு..." என்றான் கோர்டி, வாயில் ரத்தம் நுரைக்க.

"கைய எடுடின்னேன், எடுக்கல! மூணு தடவ சொன்னேன், எடுக்கல! நான் என்னடா பண்ணுவேன்?"

கத்தி முடித்த பிறகுதான், சமையலறைக் கதவு திறந்திருப்பதை லைல் கண்டான். பிரிட்டா நின்றிருந்தாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், விரலெல்லாம் வெண்ணெய்.

ஒட்டி ஒட்டிப் பிய்கிற செருப்போடு அவள் டெக்கைக் கடந்து வந்தாள். லைலின் கையிலிருந்து கழியை வாங்கிப் புல்தரையில் எறிந்தாள். அவன் தடுக்கவில்லை, கோர்டியின் முதுகிலிருந்து இறங்கி நின்றான். பிறகு குனிந்தாள்.

"மாமா, மூச்சு விட முடியுதா?"

கோர்டி தலையை லேசாக அசைத்தான்.

"பிரிட்டா, உங்க மாமாதான் முதல்ல வாயக் கொடுத்தாரு. நீயே கேட்டிருப்ப இல்ல?" லைலின் குரல் குழைந்தது. "நாளைக்கு நான் வரணும்னு நீதானேம்மா..."

பிரிட்டா போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். வீட்டு விலாசத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

"ஆம்புலன்சும் வேணும். இல்ல, ரெண்டு பேர் சண்டை இல்ல. ஒருத்தர்தான் அடிச்சாரு... எங்கப்பா."

அவன் ஓடியிருக்கலாம். வண்டி பத்தடியில் நின்றது, சாவி பையில் இருந்தது. ஆனால் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப அவரு கையில ஒண்ணுமில்ல" என்றாள் போனில். மறுமுனையில் இன்னும் ஏதோ கேட்டார்கள். பிரிட்டா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். லைல் இல்லையென்று தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"ஆமா, இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்காரு. ஜனவரியில எங்கம்மா கைய உடைச்சாரு. அம்மா சொன்னாங்க. நான்தான் நம்பல."